கழுவியது போதாது என்றேன்

திருகோணமலை எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் மான்களைப் பற்றித்தான் சொல்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் நம்மூர் மாடுகளைப்போலத் திரிகின்றன. நிறுத்தியிருக்கும் ஓட்டோக்களுக்குள் தலையை விட்டு வாழைப்பழத் தோல் தேடுகின்றன. கைப்பேசியில் படமும் இருக்கிறது. கேட்டவர்கள் படத்தைப் பார்த்து வியப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படி முடியவேண்டும் என்பதற்காகவே மான்களைச் சொல்கிறேன். அந்த ஆறு நாளில் நான் என்ன செய்தேன் என்பதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

கோயம்புத்தூரில் ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விற்ற இடத்துக்குப் போய்க் கருவியை நிறுவி, அதை இயக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது என் பொறுப்பு. பதினோரு ஆண்டுகளாக ஒரே கருவிதான். உயிருள்ள செல்லுக்குள் மிக நுண்ணிய துகள்களை மின்சாரத்தின் விசையால் செலுத்துகிற கருவி.

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வெளியே இருப்பதை அது லேசில் உள்ளே விடாது. செல்கள் மிதக்கும் திரவத்தில் துகள்களைக் கலந்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு மின் துடிப்பைக் கொடுத்தால் சவ்வில் துளைகள் திறக்கும். துகள்கள் உள்ளே போகும். பிறகு துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். துடிப்பு அளவு மீறினால் மூடாது, செல் செத்துவிடும். இவ்வளவுதான் என் தொழில். இதைச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஏறிய பஸ், கந்தளாய்க்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. கருவி இருந்த அலுமினியப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். நடத்துனர் அதைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த, புல்மோட்டைக்குப் போகிற ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

"பிள்ளையை வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கிறாரே, என்ன பெட்டி அது எண்டு கேக்கிறான்."

"செல்லுக்கு ஷாக் கொடுக்கிற மெஷின்" என்றேன்.

அவர் அதை மொழிபெயர்த்ததும் நடத்துனர் தன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"தன்ட ஃபோனில சார்ஜ் நிக்குதில்லையாம். இதில ஒருக்காப் போட்டுத் தருவீங்களோ எண்டு கேக்கிறான்."

பஸ்ஸே சிரித்தது. நான் உடம்பிலுள்ள செல் என்று விளக்கியதும் புல்மோட்டைக்காரர், "ஓ, கலம்! நாங்கள் பள்ளிக்கூடத்தில கலம் எண்டுதான் படிச்சனாங்கள்" என்றார். நமக்குக் கலம் என்றால் பாத்திரம், இல்லாவிட்டால் கப்பல். துறைமுக ஊருக்குப் போகிறவனுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. டயர் மாற்றும்வரை எல்லோரும் சாலையோரக் கடையில் மண்சட்டித் தயிரில் கித்துள் பாணி என்கிற இனிப்புப் பனைப்பாகை ஊற்றிச் சாப்பிட்டோம். தயிருக்கு உப்பும் மோர்மிளகாயும் மட்டுமே தெரிந்தவன் நான். இரண்டாவது சட்டியும் வாங்கினேன். அந்த மத்தியானம் நான் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன்.

விடுதி உட்துறைமுகத்தைப் பார்த்த வீதியில் இருந்தது. திங்கட்கிழமை காலை இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சட்னி இல்லையா என்று கேட்டேன். விடுதிக்காரம்மா சம்பல் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டார்.

நான் போன கடல்வள ஆய்வுக்கூடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரம். ஓடு போட்ட பழைய கட்டடம். பணிப்பாளர் கலாநிதி தவராசா, நம் வழக்கில் இயக்குநர் டாக்டர் தவராசா, அன்புவழிபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். குரல் பெரியது. "வாங்கோ, வாங்கோ. உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம்" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

கலங்களை வளர்த்துவைத்திருந்தவர் ரிஸ்மினா. கிண்ணியாவிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருகிறார். முப்பத்துநான்கு, முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறு ஆண்டுகளாக அங்கே தற்காலிக ஆய்வுக்கூட உதவியாளர். என்னை நேராக ஒரு மர அலுமாரிக்கு முன்னால் கூட்டிப்போனார். பழைய துணி அலுமாரி. உள்ளே ஒரு மின்குமிழ், ஒரு வெப்பமானி, ஐந்து தட்டையான குடுவைகள்.

"கொடுவா மீன்ட செட்டைக் கலம் சேர். மீன் கலத்துக்கு எலிக் கலம் மாதிரி வாயு எல்லாம் வேணாம். இந்தச் சூடு காணும்." போதும் என்பதற்கு அங்கே 'காணும்' என்கிறார்கள்.

அவருடைய தம்பி நஸார் கொட்டியாரக் குடாவில் மீன்பிடிக்கிறவர். உயிரோடு ஒரு கொடுவாவைப் பீப்பாய்த் தண்ணீரில் விட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அதன் துடுப்பில் நகமளவு வெட்டி, அதிலிருந்து வளர்த்தவை இவை. முதல் மூன்று முறையும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. நான்காவது முறைதான் நின்றது. விடுமுறை நாட்களிலும் வந்து திரவம் மாற்றியிருக்கிறார். நுண்ணோக்கியில் பார்த்தேன். நிரம்ப நல்ல கலங்கள். நீளமாக, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு கிடந்தன. எங்கள் ஊரில் பெரிய கருவிகள் உள்ள இடங்களில்கூட இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். "பரவாயில்லையே" என்றேன்.

கடலில் கலக்கும் நுண்துகள்கள் மீனின் கலத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் ஆராய இருந்தார்கள். அதன் முதல்படி, ஒளிரும் துகள்களைக் கலத்துக்குள் செலுத்திப் பார்ப்பது. அன்று மாலை ரிஸ்மினாவுக்குக் கியூவெட்டைக் காட்டினேன். கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே எதிரெதிராக இரண்டு தகடுகள். தகடுகளுக்கு நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி. வாங்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை செயல்முறை விளக்கம். இருபதுக்கு மேல் மாணவர்கள், சில விரிவுரையாளர்கள், முன்வரிசைக் கதிரையில் தவராசா. ரிஸ்மினா நான்கு குடுவைகளின் கலங்களையும் எடுத்து, உப்பில்லாத திரவத்தில் கழுவித் தயாராக வைத்திருந்தார். திரவத்தில் உப்பு மிஞ்சினால் மின்சாரம் தாறுமாறாகப் பாயும், அதனால்தான் கழுவுவது. நான் பஸ் நடத்துனரின் கைப்பேசிக் கதையைச் சொல்லிக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு பெட்டியைப் பிரித்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்மினா மட்டும் கியூவெட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"சேர், நேற்றுக் காட்டினதை விட இது ஒடுக்கமா இருக்குப் போல."

"எல்லாம் ஒன்னுதாம்மா. பதினோரு வருஷமா இதைத்தான் பண்றேன்" என்றேன். அதை நான் மெதுவாகச் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினேன். 'டப்' என்று வெடித்தது. கியூவெட்டின் மூடி பறந்து மேசைக்குக் கீழே விழுந்தது. முன்வரிசை துள்ளி எழுந்தது. இரண்டாவதைப் போட்டேன், அதுவும் அப்படியே. மூன்றாவது வெடிக்கவில்லை, ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு கலம்கூட முழுதாக இல்லை. நான்காவதும் அப்படித்தான். கால் மணி நேரத்தில் நான்கு குடுவை காலி.

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. எனக்கு வியர்த்தது. இப்படி வெடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். எல்லாப் பயிற்சியிலும் நான் சொல்வது அது. வாய் தானாகவே சொன்னது.

"உப்பு. கழுவினது போதாது. எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூண்டு தரம் சேர்" என்றார் ரிஸ்மினா.

"கழுவினேன்னு சொல்றது வேற. கழுவுறது வேற."

சிரித்தார்கள். தவராசாவும் சிரித்தார். ரிஸ்மினா வெடித்த மூடியை மேசைக்குக் கீழிருந்து எடுத்தார். துணியால் மேசையைத் துடைத்தார். அறை காலியாகும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு விடுதியில் பையை ஒழுங்குபடுத்தினேன். இரண்டு பெட்டிகள். நாலு மில்லிமீட்டர்ப் பெட்டியில், திங்கட்கிழமை காட்டிய ஒன்றைத் தவிர மற்ற அத்தனையும் உறை பிரியாமல் கிடந்தன. இரண்டு மில்லிமீட்டர்ப் பெட்டியில் நான்கு குறைந்திருந்தன.

கணக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடைவெளி பாதியானால் அதே மின்னழுத்தம் கலத்தை இரண்டு மடங்காகத் தாக்கும். உப்புமில்லை, ஒன்றுமில்லை. என் கைதான். அதையும், நான் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ரிஸ்மினா என்னிடம் சொல்லியிருந்தார்.

டச்சுக் குடாப் பக்கம் நடந்தேன். இறால் வடைக் கடையில் கூட்டம். ஒரு வடை வாங்கினேன். மேலே ஒட்டியிருந்த இறால் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போலிருந்தது. தவராசாவின் எண்ணைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்ன சொல்லலாம் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியத்திலும் நான் முட்டாளாகத்தான் இருந்தேன். அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பிறகு அந்தக் கருவியை வாங்க இன்னும் இரண்டு இடங்கள் யோசித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது குடுவை ஒன்று மிச்சம் இருக்கிறது. நாளை அதைச் சரியாகச் செய்துவிட்டால் எல்லோரும் செவ்வாய்க்கிழமையை மறந்துவிடுவார்கள் என்று தோன்றியது. யாருக்கும் கெடுதல் இல்லையே என்றும் தோன்றியது. எண்ணை மூடி வைத்தேன்.

புதன்கிழமை காலை ரிஸ்மினா என்னிடம் ஒரு சிறு கிண்ணத்தை நீட்டினார். வட்டிலப்பம்.

"உம்மா தந்துவிட்டவ சேர். நேற்று என்னால உங்கட பேரும் கெட்டுப்போச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த ருசி. மிகவும் நன்றாக இருந்தது. முழுதையும் சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐந்தாவது குடுவையை அவர் எல்லோருக்கும் முன்னால் கழுவினார். நேற்று வந்த அதே மாணவர்கள். ஒவ்வொரு முறை கழுவி ஊற்றும்போதும் வாய்விட்டு எண்ணினார். "ஒண்டு." பிறகு, "ரெண்டு." என் காதில் விழவேண்டும் என்பதற்காகவே அந்தச் சத்தம். ஐந்துவரை எண்ணினார். நான் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நின்றேன். பிறகு நாலு மில்லிமீட்டர்க் கியூவெட்டை, உறையை மேசைக்குக் கீழே பிரித்து, எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

வெடிக்கவில்லை. நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டதும் திரையில் கலங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே பச்சைப் புள்ளிகள். உயிரோடு இருந்தன. மாணவர்கள் கை தட்டினார்கள். தவராசா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"பாத்தீங்களோ பிள்ளையள், ஒழுங்காக் கழுவினா ஒரு பிரச்சினையும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்."

ரிஸ்மினா, "ஓம் சேர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தவறு. அது பதற்றத்தில் வந்தது. அதற்கு மன்னிப்பு இருக்கலாம். புதன்கிழமை அதை உண்மையாக்கிக் காட்டினேன். அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

வியாழக்கிழமை காலை தவராசா என்னைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மலையுச்சியில் கடல்காற்று வேட்டியைப் பிடுங்கியது. நெய்விளக்கு ஏற்றினேன், மூன்று முறை அணைந்தது. திரும்பி இறங்கும்போது அவர் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தவர், சாதாரணமாகச் சொன்னார்.

"நாளைக்கு ரிஸ்மினாவுக்கு நேர்முகப் பரீட்சை. நிரந்தர நியமனத்துக்கு. மூண்டு பேர் இருக்கிறம் சபையில. நான் அவவுக்குத்தான் எண்டு நினைச்சிருந்தனான். இனி யோசிக்க வேணும்."

"ஏன்?"

"என்ன சேர் ஏன்? நீங்கள்தானே காட்டித்தந்தனீங்கள். நல்ல பிள்ளை. ஆனா இந்த வேலைக்குக் கை சுத்தம் வேணும்."

கை சுத்தம். படிக்கட்டில் நான் நின்றுவிட்டேன். செருப்பு வார் அறுந்துவிட்டதோ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிக் குனிந்தேன்.

ரிஸ்மினா அன்று விடுப்பில் இருந்தார். மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் அவர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, பஸ் நிலையத்தில் மூதூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். கிண்ணியா வழியாகத்தான் போகும். பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. நான் பார்க்கவில்லை. சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நடத்துனர் என்னை எங்கேயோ வயல் நடுவில் இறக்கிவிட்டார். வெயிலில் முக்கால் மணி நேரம் திரும்பி நடந்தேன். வழியில் கடைக்காரர் ஒருவர் கேட்காமலே தண்ணீர் கொடுத்து, "எங்கிருந்து வாறீங்க? இந்தியாவோ? ஏன் நடந்து வாறீங்க?" என்றார். இறங்குமிடத்தை விட்டுவிட்டேன் என்றேன். "கதைச்சுக்கொண்டு வந்தா அப்படித்தான்" என்றார். நான் தனியாக வந்திருந்தேன்.

சின்ன வீடு. முற்றத்தில் நஸார் படகு எந்திரத்தைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிஸ்மினா என்னைக் கண்டதும் பதறி, கதிரையைத் துடைத்துப் போட்டார். மேசையில் நாளைக்கான சான்றிதழ்கள் ஒரு கோப்புக்குள் அடுக்கியிருந்தன. குசினியிலிருந்து அவருடைய உம்மா தேத்தண்ணி அனுப்பினார். அதைத் தொடாமலே சொல்லிவிட்டேன். இரண்டு மில்லிமீட்டர், நாலு மில்லிமீட்டர் எல்லாம். பஸ்ஸில் தயாரித்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

ரிஸ்மினா கோப்பின் நாடாவைக் கட்டினார். அவிழ்த்தார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

"அப்ப, புதன்கிழமை நான் ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு நிண்டது?"

"அப்பவும் தெரியும்" என்றேன்.

"நீங்க பாத்துக்கொண்டு நிண்டனீங்க" என்றார். குரல் உயரவில்லை. "ரெண்டு நாளா வீட்டில அரிசி கழுவினாலும் காணுமோ காணாதோ எண்டு நிக்கிறன் சேர். என்ட கையை எனக்கே நம்பேலாமப் போச்சு. இந்த ஆறு வருசமும் இப்படித்தான் அரைகுறையாச் செஞ்சனானோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன்."

"தப்பு என்னோடதும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? அவைக்குச் சொல்லுங்க. அந்தப் பிள்ளையள் சிரிச்ச இடத்தில நிண்டு சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், நான் அதை எதிர்பார்த்து வரவில்லை. அவரிடம் சொல்லி, அவர் 'பரவாயில்லை சேர்' என்று சொல்லி, நான் தவராசாவிடம் ரிஸ்மினாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். மன்னிப்பைக்கூட மலிவாக வாங்க வந்திருந்தேன்.

நஸார் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தார்.

"தேத்தண்ணியக் குடிங்க சேர். ஆறுது" என்றார்.

குடித்தேன். பிறகு அவரே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு விட்டார். நான் இறங்கியதும், "நாளைக்கு அக்காக்குப் பத்தரைக்கு நேர்முகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மாணவர்களைக் கூட்டமுடியுமா என்று தவராசாவிடம் கேட்டேன். பிரியாவிடை உரை என்று நினைத்துக்கொண்டார். மகிழ்ச்சியாகக் கூட்டினார். மேசையில் பளபளப்பான தாளில் சுற்றிய நினைவுப் பரிசு ஒன்றும் இருந்தது. ரிஸ்மினா கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு அளவிலும் ஒவ்வொரு கியூவெட்டை முன்வரிசையில் கொடுத்து, ஒவ்வொருவராகப் பார்த்துக் கைமாற்றச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை நான் பயன்படுத்தியது ஒடுக்கமானது. அதனால்தான் வெடித்தது. கழுவியதில் ஒரு குறையும் இல்லை. அன்று மாலையே எனக்குத் தெரியும். புதன்கிழமை தெரிந்துகொண்டே மறைத்தேன்" என்றேன். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் இதைத்தான் சுமந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், ரிஸ்மினா அக்கா உங்களிட்டக் கேட்டவ. ஒடுக்கமா இருக்கு எண்டு. நான் பக்கத்தில நிண்டனான்."

"ஆமாம். கேட்டாங்க."

"அப்ப ஏன் நீங்கள் பாக்கேல்ல?"

பதற்றம், அவசரம், பேச்சு மும்முரம் என்று எத்தனையோ பதில் இருந்தது. அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கேட்டது அவங்கங்கறதால" என்றேன். "உங்க பணிப்பாளர் கேட்டிருந்தா, எடுத்துப் பார்த்திருப்பேன்."

தவராசா எழுந்தார். என்னைத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய குரல் இல்லை.

"பிள்ளை, நானும் அண்டைக்குச் சிரிச்சனான்" என்றார். "புதன்கிழமையும் கதைச்சனான். பிழைதான்."

ரிஸ்மினா தலையை ஆட்டினார். அது சம்மதமா, வெறும் மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. பத்தரைக்கு நேர்முகத்துக்குப் போய், பதினோரு மணிக்கு வெளியே வந்தார். முடிவு கடிதத்தில் வருமாம். நினைவுப் பரிசு மேசையிலேயே இருந்தது. யாரும் அதை எடுத்துத் தரவில்லை, நானும் பார்க்காததுபோல இருந்தேன்.

என் பஸ் ஐந்து மணிக்கு. ஜும்ஆத் தொழுகை முடிந்து இரண்டரைக்கு நஸார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் நீலப் பீப்பாய். உள்ளே ஒரு கொடுவா. குடுவைகள் ஐந்தும் முடிந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். கையுறையை என் பக்கம் நீட்டினார் ரிஸ்மினா.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குத்தானே. பிடியுங்க."

ஈரத் துணியில் மீனைப் பிடித்தேன். முழங்கை நீளம். ஒரே துள்ளலில் என் சட்டை முழுக்கத் தண்ணீர்.

"இறுக்காதீங்க. சாகும்" என்றார்.

கையைத் தளர்த்தினேன். மீன் அடங்கியது. அதன் செவுள் என் உள்ளங்கையில் திறந்து மூடியது. வால்துடுப்பின் ஓரத்தில் நகமளவு வெட்டி எடுத்துக்கொண்டு, "விடுங்க" என்றார். பீப்பாயில் விட்டேன். அடியில் போய் நின்று, பிறகு ஒரு வட்டம் நீந்தியது. அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து நிறுவனத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு வேறு ஒருவர் போகிறார். சில வாரங்களில் தவராசாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரிஸ்மினாவின் நியமனம் உறுதியாகிவிட்டது என்று ஒரு வரி. கருவியைப் பற்றியும் என்னைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு காலை ரிஸ்மினாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி. வணக்கம், நலம் எதுவும் இல்லை, கேள்வி மட்டும். துடிப்பு கொடுப்பதற்கு முன் மீன் கலங்களைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்தால் நல்லதா, அறைச் சூட்டிலேயே செய்தால் நல்லதா?

எலிக் கலத்துக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மீன் கலத்தில் நான் செய்துபார்த்ததில்லை. முன்பென்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். உறுதியான குரலில் சொல்லியிருப்பேன். எழுதி, அழித்து, கடைசியில் அனுப்பினேன்: 'எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் செய்துபார்த்தால்தான் தெரியும்.'

உடனே பதில் வந்தது.

'செய்து பாத்திட்டன் சேர். குளிர்தான் நல்லம். நீங்க என்ன சொல்லுவீங்க எண்டு பாக்கத்தான் கேட்டனான்.'